போர்ட்டைப் பார்ப்பதா, ஆளைப் பார்ப்பதா?

2019 செப்டம்பர் 4. இந்திய அணுமின் கழகத்தின் கணினி ஒன்றில் தீநிரல் நுழைந்திருப்பதைக் கவனித்த, நாட்டின் கணினிப் பாதுகாப்பு அவசர அமைப்பான செர்ட்-இன் அதைக் கழகத்துக்குத் தெரிவித்தது. செய்தி வெளியே கசிய ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது. அக்டோபர் 29 அன்று கழகத்தின் கூடங்குளம் நிலையம் ஓர் அறிக்கை விட்டது: உலைக் கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி வலையோடு தொடர்பே இல்லாதவை, அவற்றைத் தாக்க வழியில்லை. மறுநாள் கழகமே வாய் திறந்தது. தீநிரல் இருந்தது உண்மைதான். ஆனால் அது நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த வலையில், ஒரு பயனரின் கணினியில் இருந்தது. உலை சார்ந்த உள்வலை அதிலிருந்து பிரிக்கப்பட்டது என்றது விளக்கம்.

கல்லிடைக்குறிச்சியில் உட்கார்ந்து இதைப் படித்தபோது எங்களில் பலருக்கு அணு உலைதான் கண்ணில் பட்டது. அதே மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கிறதே! ஸ்விட்சுகளோடு பிழைப்பு நடத்தும் எனக்கு அந்த விளக்கத்தில் வேறொரு சொல் பட்டது: பயனர். ஒரு பயனர், ஒரு கணினி, ஒரு கேபிள். அந்தக் கேபிள் வழியாக எதுவரை போகலாம் என்பதை யாரோ முன்கூட்டியே தீர்மானித்திருந்தார்கள். அந்தத் தீர்மானம் தாக்குப்பிடித்தது.

தீர்மானம் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு மூன்று ஆண்டுகளில் இன்னொரு உதாரணம் வந்தது. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. புறநோயாளி சீட்டு மறுபடி கையால் எழுதப்பட்டது. காரணம் என்னவென்று நாடாளுமன்றத்தில் அரசு சொன்ன பதிலில், வலையமைப்பு சரியாகக் கூறுபோடப்படவில்லை என்பது வெளிப்படையாகவே இருந்தது.

கூறுபோடுவது எப்படி என்பதுதான் கேள்வி. அதற்கு இன்று புழக்கத்தில் உள்ள விடைகளில் ஒன்று, ஸ்விட்சில் செருகிய ஒவ்வொரு பயனரின் போக்குவரத்தையும் பொட்டலமாகச் சுற்றி, ஒரு டனல் வழியாக மையத்தில் உள்ள கேட்வேக்குக் கொண்டுபோய், அங்கே சோதித்து அனுப்புவது. அரூபா நிறுவனத்தார் இதைப் பயனர்வழி டனலிங் என்கிறார்கள், சுருக்கமாக யுபிடி. நல்ல யோசனை. எல்லா இடத்துக்கும் நல்ல யோசனை அல்ல. எங்கே ஆகும், எங்கே ஆகாது என்பதற்கு, அது எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பக்கம் பெரும்பாலான நிறுவனங்களின் வலையமைப்பு இப்படித்தான்: மாடிப்படிக்குக் கீழே ஒரு ரேக், அதில் 24 போர்ட் ஸ்விட்ச் ஒன்று, மேலே ஒட்டடை. அதில் கணக்கர் கணினி, பில் போடும் இயந்திரம், கண்காணிப்புக் கேமரா, வருகைப்பதிவுக் கருவி, யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்த வைஃபை பெட்டி, எல்லாம் ஒரே மட்டத்தில். எது எதனோடும் பேசலாம். கேமராவின் கடவுச்சொல் பெட்டியோடு வந்ததுதான். அப்பளம் ஏற்றி அனுப்பும் வியாபாரி ஒருவரின் கடையானாலும் சரி, ஆயிரம் மாணவர் படிக்கும் கல்லூரியானாலும் சரி, வித்தியாசம் ஸ்விட்சுகளின் எண்ணிக்கையில் மட்டும்தான்.

இதற்கு முதல் மருந்து விலான். 1998இல் 802.1க்யூ என்ற தரமாக வந்தது. ஒரே ஸ்விட்சைப் பல தனி ஸ்விட்சுகள் போல நடக்கவைக்கும் வித்தை. 12 பிட் எண் என்பதால் பயன்படுத்தக்கூடிய விலான்கள் 4,094. யாருக்கும் அவ்வளவு தேவைப்படாது. சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, இடத்தில் இருக்கிறது. 1 முதல் 8 வரை அலுவலகம், 9 முதல் 16 வரை ஆய்வகம், 17 முதல் கேமரா என்று போர்ட்டுக்குப் போர்ட் எழுதிவைக்கிறோம். ஆறு மாதத்தில் மேசைகள் இடம் மாறும். கேமரா கேபிள் கழன்றால், அருகில் நிற்பவர் அதை எந்தத் துளை காலியாக இருக்கிறதோ அதில் செருகுவார். அன்றிலிருந்து கேமரா கணக்கர் பிரிவில் உட்கார்ந்திருக்கும். எழுதிவைத்த அட்டவணை ரேக் கதவில் ஒட்டியபடியே இருக்கும், பொய் சொல்லிக்கொண்டு.

இரண்டாவது மருந்து 802.1எக்ஸ். 2001இல் முதல் பதிப்பு. செருகியவுடன் போர்ட் திறக்காது. நீ யார் என்று கேட்கும். பயனர் பெயரோ சான்றிதழோ காட்ட வேண்டும். ஸ்விட்ச் அதை, ஆள் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரிடம் கொடுத்துக் கேட்கும். பிரின்டர், கேமரா போன்ற வாய்பேசாக் கருவிகளுக்கு அவற்றுக்குப் பிறப்பிலேயே இட்ட மேக் முகவரியே அடையாளம். சர்வர் திருப்பி அனுப்பும் விடையில் 'உள்ளே விடு' என்பது மட்டுமல்ல, 'இவர் மாணவர்', 'இது கேமரா' என்ற பொறுப்பின் பெயரும் வரும். இந்தப் பெயரைத்தான் துறையில் ரோல் என்கிறோம். போர்ட்டுக்கென்று எழுதிவைத்த பிரிவு போய்விட்டது. எந்தத் துளையில் செருகினாலும் ஆள் யாரோ அவருக்கு உரியது கிடைக்கும்.

இதோடு விஷயம் முடிந்திருக்கலாம். முடியவில்லை. ஏனென்றால் ரோலுக்கு உரிய விதிகளை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்து நிற்கிறது. மாணவர் கணினி தேர்வுப் பிரிவு சர்வரைத் தொடக்கூடாது என்றால், அந்தத் தடையை ஒவ்வொரு ஸ்விட்சிலும் எழுதுவதா, ஒரே இடத்தில் எழுதிவிட்டு எல்லாப் போக்குவரத்தையும் அங்கே வரவழைப்பதா?

தாமிரபரணிக்காரனுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள். மூன்றாவது கன்னடியன், எங்கள் ஊருக்குப் பக்கத்தில். அதிலிருந்து கிளம்பும் கால்வாய் வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று போகப் போக ஊருக்கு ஊர் மடை திறந்து கொடுத்துக்கொண்டே போகிறது. யாருக்கு எவ்வளவு என்ற தீர்ப்பு அந்தந்த மடையில். இதே கன்னடியனிலிருந்து வெள்ளாங்குளியில் இன்னொன்று பிரிகிறது: நம்பியாறு, கருமேனியாறு வரை வெள்ளநீரைக் கொண்டுபோகும் இணைப்புக் கால்வாய். சுமார் 75 கி.மீ. நீளம். 2009இல் தொடங்கி, 2025 பிப்ரவரியில்தான் முதல்வர் திறந்துவைத்தார். அதன் முதல் வேலை தண்ணீரைத் தொலைவுக்குச் சேர்ப்பது. சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கம் உள்ள வறண்ட பூமிக்குப் போய்ச் சேர வேண்டிய வெள்ளம் அது. சாலைகளையும் ஓடைகளையும் தாண்டி அங்கே போகிறது. முதலாவது, ஸ்விட்ச்தோறும் விதி. இரண்டாவது, டனல்.

உவமையை இதற்கு மேல் இழுக்க மாட்டேன். தண்ணீர் போனால் திரும்பி வராது. பாக்கெட் வர வேண்டும். அந்தத் திரும்பி வருதலில்தான் பாதிச் சிக்கல் இருக்கிறது.

டனல் ஸ்விட்சுக்கு வந்த கதை வைஃபையில் தொடங்குகிறது. 2002இல் கீர்த்தி மேல்கோட்டேயும் பங்கஜ் மங்களிக்கும் தொடங்கிய அரூபா, அக்சஸ் பாயின்டை ஒரு மெல்லிய கருவியாக்கியது. மூளை கன்ட்ரோலரில் (மேலே சொன்ன கேட்வேயின் மூதாதை), கூரையில் தொங்கும் பெட்டி வெறும் காதும் வாயும். பயனரின் பாக்கெட்டைப் பெட்டி ஜிஆர்இ உறையில் போட்டு கன்ட்ரோலருக்கு அனுப்பும். ஜிஆர்இ பழைய சரக்கு. 1994 அக்டோபரில் ஆர்எஃப்சி 1701 ஆக வெளிவந்தது, 2000இல் 2784 ஆகத் திருந்தியது. சிஸ்கோ பக்கம் இதே வேலைக்கு கேப்வாப் நெறிமுறை 2009இல் தரமானது. 2015இல் எச்பி நிறுவனம் அரூபாவை வாங்கியது. எச்பியிடம் புரோகர்வ் பரம்பரை ஸ்விட்சுகள் இருந்தன. அரூபாவிடம் பயனரை அடையாளம் கண்டு விதி போடும் கன்ட்ரோலர் இருந்தது. இரண்டும் ஒரு கூரைக்கு வந்தபின், வைஃபையில் வருபவருக்கு உள்ள சோதனை கேபிளில் வருபவருக்கு ஏன் இருக்கக்கூடாது என்ற கேள்வி தானாக எழுந்தது. ஸ்விட்சையும் ஒரு பெரிய அக்சஸ் பாயின்ட் போல நடக்கவைத்தார்கள். ஆக, யுபிடி கேபிள் உலகத்தில் பிறந்த யோசனை அல்ல. வைஃபை வீட்டிலிருந்து மணமாகி வந்தது. அதன் குணங்கள் பலவும் பிறந்த வீட்டுக் குணங்களே.

முதலில் போர்ட்டையே மொத்தமாக டனலில் தள்ளும் முறை இருந்தது. அந்தத் துளையில் யார் செருகினாலும் கன்ட்ரோலருக்குப் போகும். பயனர்வழி முறையில் அப்படியில்லை. மேசைத் தொலைபேசியும் அதன் பின்னால் கணினியும் ஒரே துளையில் இருந்தால், தொலைபேசி ஸ்விட்சிலேயே நிற்கலாம், கணினி மட்டும் டனலில் போகலாம். தீர்ப்பு மேக் முகவரிக்கு மேக் முகவரி மாறும்.

இப்போது அமைக்கும் முறை. அரூபா சிஎக்ஸ் வகை ஸ்விட்ச் என்று வைத்துக்கொள்வோம். பெயர்கள் மாறினாலும் மற்ற நிறுவனங்களிலும் எலும்புக்கூடு இதுதான்.

முதலில் ஸ்விட்சுக்கும் கேட்வேக்கும் இடையே சாதாரண ஐபி வழி இருக்க வேண்டும். இது சொல்ல வேண்டியதா என்று தோன்றும். சொல்ல வேண்டியதுதான்: டனல் எந்த முகவரியிலிருந்து கிளம்ப வேண்டும் என்பதை ஸ்விட்சில் தெளிவாக எழுதாமல் விட்டு, மேலே போகும் இணைப்பு (அப்லிங்க்) இரண்டு உள்ள இடத்தில் அது முகவரி மாற்றி மாற்றிப் பேசி, கேட்வே 'நீ யாரப்பா' என்று கேட்ட அனுபவம் பலருக்கு உண்டு. அடுத்தது மண்டலம். ஒரு மண்டலத்துக்குப் பெயர் வைத்து, முதன்மை கேட்வேயின் முகவரி, மாற்று கேட்வேயின் முகவரி, இதயத்துடிப்பு இடைவெளி ஆகியவற்றைத் தந்து இயக்க வேண்டும். துடிப்பு இயல்பாக நொடிக்கு ஒன்று. மூன்றாவது, பயனர்களுக்கான காலி விலான் ஒன்றை ஒதுக்குவது. இது ஸ்விட்சுக்குள் மட்டும் இருக்க வேண்டிய எண். நான்காவது ரேடியஸ் சர்வரும் அதன் ரகசியச் சொல்லும். ஐந்தாவது ரோல்.

ரோலில்தான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். ரோல் ஒன்றல்ல, இரண்டு. ஸ்விட்சில் உள்ள ரோல், 'இந்த ஆளை இந்த மண்டலத்துக்கு அனுப்பு, அங்கே இந்தப் பெயரில் அறிமுகப்படுத்து' என்று மட்டும் சொல்லும். கேட்வேயில் உள்ள ரோல்தான் அவர் எந்த விலானில் நிற்பார், எதைத் தொடலாம் என்பதை முடிவு செய்யும். இரண்டு பெயரும் எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும்; ஆங்கிலத்தில் எழுதும்போது பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட. பெயர் பொருந்தாவிட்டால் பயனர் உள்ளே வந்தது போலவே தெரியும், ஐபி மட்டும் கிடைக்காது.

கடைசியாகப் போர்ட். 802.1எக்ஸும் மேக் சோதனையும் இயக்கிவிட்டு, ஒரு துளையில் எத்தனை பேர் என்ற வரம்பைப் பார்க்க வேண்டும். இயல்பு நிலையில் ஒன்றுதான். தொலைபேசி முந்திக்கொண்டால் கணினிக்கு இடமில்லை. காலையில் முதலில் எது விழித்தது என்பதைப் பொறுத்து ஒரு மேசை வேலை செய்யும், ஒரு மேசை செய்யாது. மந்திரித்துக் கட்டலாமா என்று யோசிக்கும் அளவுக்குக் குழப்பும் பிழை இது. ஒரே ஒரு எண்ணை மாற்றினால் தீரும்.

இவ்வளவும் சரியாக இருந்தால், பயனர் செருகியதும் நடப்பது இது. ஸ்விட்ச் ரேடியஸைக் கேட்கிறது. ரோல் வருகிறது. ஸ்விட்ச், தான் முதலில் இணைந்த நங்கூர கேட்வேயிடம் இந்த மேக் முகவரியைச் சொல்கிறது. கேட்வேகள் கூட்டமாக இருந்தால், 256 கட்டங்கள் கொண்ட ஒரு அட்டவணையில் இந்த மேக் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று கணக்கிட்டு, அந்தக் கட்டத்துக்கு உரிய கேட்வேக்கு அனுப்புகிறார்கள். அதனால் ஒரே ஸ்விட்சில் பக்கத்துப் பக்கத்துப் போர்ட்டில் இருக்கும் இருவர் இரண்டு வெவ்வேறு கேட்வேகளில் போய் நிற்கலாம். பயனரின் முழு ஈதர்நெட் சட்டமும் (ஃபிரேம்) ஜிஆர்இ உறைக்குள் போகிறது. நடுவில் உள்ள ஸ்விட்சுகளுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவேண்டிய அவசியமில்லை. மாணவர் விலான், ஆசிரியர் விலான் என்று கட்டடம் கட்டடமாக இழுத்துக்கொண்டு போகும் வேலை ஒழிந்தது. இது சின்ன லாபமல்ல. ஒரு வளாகத்தில் 40 ஸ்விட்ச் இருந்தால், புதிய பிரிவு ஒன்று வரும்போதெல்லாம் 40 இடத்தில் கைவைப்பதற்குப் பதில் ஓரிடத்தில் வைத்தால் போதும்.

அந்தக் காலி விலான் பற்றிச் சொன்னேனே, அதில் நானே கையைச் சுட்டுக்கொண்டேன். இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு கல்லூரி. மாணவர்களுக்கு கேட்வேயில் விலான் 120. ஸ்விட்சில் ஒதுக்கும் எண்ணாகவும், நினைவில் நிற்கட்டுமே என்று 120 என்றே போட்டேன். பல விலான்களைச் சுமக்கும் அப்லிங்க் ட்ரங்க்கில் எல்லா விலானும் அனுமதி. அவ்வளவுதான். மாணவரின் பாக்கெட் டனல் வழியாக கேட்வே போய், அங்கே விலான் 120இல் இறங்கி, எல்லாருக்குமான பிராட்காஸ்ட் செய்தியாகக் கிளைபிரிந்து, அப்லிங்க் வழியாகவே மறுபடி அதே ஸ்விட்சுக்கு வந்தது. ஸ்விட்ச் என்ன செய்யும்? அதே மேக் முகவரி ஒரு பக்கம் போர்ட்டிலும் இன்னொரு பக்கம் அப்லிங்க்கிலும் தெரிகிறது. அங்கே இருக்கிறான், இல்லை இங்கே இருக்கிறான் என்று நொடிக்கு நொடி மாற்றி எழுதிக்கொண்டிருந்தது. மாணவர்களுக்கு இரண்டு நிமிடம் வேலை செய்யும், அப்புறம் போகும், அப்புறம் வரும். மூன்று நாள் கேபிளைக் குறை சொன்னேன். கேபிள் போட்டவரிடம் கடைசியில் மன்னிப்புக் கேட்டேன். எண்ணை யாரும் தொடாத ஒன்றாக மாற்றி, ட்ரங்க்கில் அதை விலக்கியதும் அடங்கியது. எந்த எண்ணை ஒதுக்குகிறீர்களோ அது அந்த ஸ்விட்சைத் தாண்டக் கூடாது.

இதற்கு அடுத்தபடி அதிகம் படுத்துவது அளவு. ஈதர்நெட் பாக்கெட்டின் வழக்கமான எல்லை 1,500 பைட். ஜிஆர்இ உறை 4 பைட், வெளி ஐபி தலைப்பு 20, உள்ளே போகும் ஈதர்நெட் தலைப்பு 14, விலான் குறி இருந்தால் இன்னொரு 4. முழு அளவுப் பாக்கெட் உறையோடு சேர்ந்து 1,540ஐத் தாண்டிவிடும். வழியில் உள்ள ஒவ்வொரு ஸ்விட்சிலும் பெரிய சட்டங்களுக்கு அனுமதி இருக்க வேண்டும். ஒன்றே ஒன்றில் விட்டுப்போனாலும் போதும்: பிங் போகும், சின்னச் சின்னப் பக்கங்கள் திறக்கும், ஆனால் விண்ணப்பம் பதிவேற்றினால் தொங்கும். பயனர் 'நெட் ஸ்லோ' என்பார். வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கேட்வே திருநெல்வேலியிலும் ஸ்விட்ச் கல்லிடைக்குறிச்சியிலும் இருந்தால் இந்தச் சிக்கல் இரட்டிக்கும். நடுவே முப்பது கி.மீ.க்கு மேல் யாரோ ஒருவரின் வாடகை இணைப்பு. அதில் பெரிய சட்டங்கள் போகும் என்ற உத்தரவாதம் அநேகமாக இராது. நொடிக்கு ஒரு துடிப்பு எதிர்பார்க்கும் டனல், சாலை தோண்டுகிறவரின் கடப்பாரையை நம்பி வாழ வேண்டும். யுபிடி ஒரே வளாகத்துக்குள் இருக்கும்வரை சமர்த்து. கிளைகளுக்கு அதை இழுப்பவர்களை நான் தடுத்தே வந்திருக்கிறேன். கிளைக்கென்று ஒரு சிறிய கேட்வே வைப்பது மலிவான நிம்மதி.

போய்த் திரும்பும் கணக்கையும் பார்க்கலாம். ஒரே அறையில் 32 கேமரா, அதே அறையில் பதிவுப்பெட்டி. கேமரா ஒன்றுக்கு 4 மெகாபிட் என்றால் 128 மெகாபிட். அனைத்தையும் டனலில் போட்டால் அந்த 128 மெகாபிட்டும் அப்லிங்க்கில் மேலே போய், கேட்வேயைத் தொட்டு, அதே அப்லிங்க்கில் கீழே வரும். எட்டடி தூரத்தில் உள்ள பெட்டிக்கு இத்தனை பயணம்! ஒரு கிகாபிட் அப்லிங்க் தாங்கும்தான். ஆனால் கேட்வே என்பது பாக்கெட்டுக்குப் பாக்கெட் சோதிக்கும் இயந்திரம். அதன் கொள்ளளவை இரவும் பகலும் காலி வராண்டாவைப் படம்பிடிக்கும் கேமராவுக்குச் செலவழிப்பது வீண். கேமராவை ஸ்விட்சிலேயே தனி விலானில் நிறுத்தி, பதிவுப்பெட்டியைத் தவிர வேறெதையும் தொடாதபடி ஒரு விதி எழுதினால் முடிந்தது. யாரை அனுப்பக்கூடாது என்று தெரிந்துகொள்வது இந்த வேலையில் பாதி.

பிரின்டர் வேறு வகைத் தொல்லை. அது பேசாது. யாராவது அச்சடிக்கச் சொன்னால்தான் விழிக்கும். நெடுநேரம் சும்மா இருந்தால் ஸ்விட்ச் அதன் அடையாளத்தைக் கழித்துவிடும். அப்புறம் அச்சடிக்க வருபவருக்கு பிரின்டர் இருக்கும் இடம் யாருக்கும் தெரியாது. அதுவாகப் பேசினால்தான் மறுபடி சோதனை நடக்கும். அதுவோ தானாகப் பேசாத ஜாதி. அணைத்து அணைத்துப் போடுவார்கள், வேலை செய்யும். காரணம் தெரியாமலே அது பழக்கமாகிவிடும்.

டனல் என்ற சொல் ஒரு மயக்கத்தையும் கொண்டுவருகிறது. பாபநாசம், சேர்வலாறு அணைகளை இணைக்கும் சுரங்கம் மலைக்குள் இருக்கிறது. அதில் யாரும் கை நனைக்க முடியாது. ஜிஆர்இ அப்படியல்ல. அது உறைதான், பூட்டு அல்ல. வழியில் கேபிளைப் பிரித்து ஒட்டுக்கேட்பவருக்கு உள்ளே உள்ளது அப்படியே தெரியும். பூட்டு வேண்டுமென்றால் இணைப்புக்கு இணைப்பு மேக்செக், அல்லது ஐபிசெக். விற்பனையாளர்கள் 'பாதுகாப்பான டனல்' என்று சொல்லும்போது எதில் பாதுகாப்பு என்று கேட்டுவிடுங்கள். மேக் முகவரியை மட்டும் நம்பி உள்ளே விடும் கருவிகளிலும் இதே கதை. பிரின்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியைப் பார்த்து அதைத் தன் மடிக்கணினிக்குப் போட்டுக்கொள்ள ஒரு மாணவனுக்கு ஐந்து நிமிடம் போதும். டனல் அவனையும் பிரின்டர் என்றே மரியாதையாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதனால் பிரின்டர் ரோலுக்கு அச்சுச் சர்வர் ஒன்றைத் தவிர வேறெதுவும் எட்டக்கூடாது.

எல்லாம் ஓரிடத்துக்குப் போகிறது என்றால் அந்த ஓரிடம் விழுந்தால் எல்லாம் விழும். கேட்வே இரண்டு இருக்க வேண்டும். இரண்டும் ஒரே யுபிஎஸ்ஸில் இருந்தால் ஒன்றுதான் இருக்கிறது என்று பொருள். ரேடியஸ் சர்வர் பதில் தராவிட்டால் பயனர் எங்கே போக வேண்டும் என்பதற்கு ஸ்விட்சில் தனியாக ஒரு நெருக்கடி ரோல் எழுதலாம். பலர் எழுதுவதில்லை. எழுதுபவர்களிலும் சிலர் அந்த ரோலையும் டனலுக்கே அனுப்புகிறார்கள். ஒரே மின்வெட்டில் இரண்டும் போகும்போது நெருக்கடி ரோலுக்கும் நெருக்கடி. அது ஸ்விட்சுக்குள்ளேயே முடிவதாக, மிகக் குறைந்த உரிமையோடு இருக்க வேண்டும்.

மறுதரப்பின் வாதம் இங்கேதான் வலுக்கிறது. தீர்ப்பை மையத்துக்குக் கொண்டுபோகாதே, ஒவ்வொரு ஸ்விட்சையும் தீர்ப்பளிக்கத் தகுதியாக்கு என்பது அவர்கள் கட்சி. அதற்கு அவர்கள் எடுத்த கருவி விஎக்ஸ்லான். 2014 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 7348 ஆக வந்தது. எட்டு ஆசிரியர்களில் முதல் பெயர் மல்லிக் மகாலிங்கம். தரவு மையங்களுக்காகப் பிறந்தது. விலானின் 12 பிட்டுக்குப் பதில் 24 பிட், 1.6 கோடிக்கு மேல் தனி வலைகள். இதுவும் டனல்தான், உறை இன்னும் கொஞ்சம் பெரிது, 50 பைட். ஆனால் ஸ்விட்சிலிருந்து நேரே இன்னொரு ஸ்விட்சுக்குப் போகும். நடுவே சுங்கச்சாவடி இல்லை. பாக்கெட்டோடு 16 பிட் குழுக் குறி ஒன்றும் போகும். சேருமிடத்து ஸ்விட்ச் அதைப் பார்த்து விடலாமா கூடாதா என்று முடிவெடுக்கும். சிஸ்கோ 2017இல் எஸ்டி-அக்சஸ் என்று விற்கத் தொடங்கியது இந்த வழி. கேமரா பக்கத்து அறைப் பதிவுப்பெட்டிக்கு நேரே போகும். கேட்வே என்ற ஒற்றைக் கழுத்து இல்லை.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை நடத்த ஒவ்வொரு ஸ்விட்சிலும் வழித்தட நெறிமுறை ஓட வேண்டும். ஈவிபிஎன் முறை என்றால் அது பிஜிபி. இணையச் சேவை நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு அது தாய்மொழி. மதியம் ஆய்வக உதவியாளர், மாலையில் வலையமைப்புப் பொறுப்பாளர் என்று இரட்டை வேடம் போடும் ஒருவருக்கு அல்ல. நள்ளிரவில் பழுதானால் அவருக்கு எதைப் பார்ப்பது என்று தெரிய வேண்டும். டனல் வழியில் பார்க்க வேண்டிய இடம் ஒன்று. மறு வழியில் நாற்பது. எங்கள் பக்கத்துக் கல்லூரிகளையும் மருத்துவமனைகளையும் பொறுத்தவரை இந்த ஒரு காரணத்துக்காகவே நான் டனல் கட்சி. தொழில்நுட்ப மேன்மை என்று சொல்ல மாட்டேன். ஆள் பற்றாக்குறைக்கு ஏற்ற வழி. எச்பி பிரிந்தபின் அரூபாவை வைத்திருக்கும் எச்பிஇ நிறுவனம் 2025 ஜூலையில் ஜூனிப்பரையும் வாங்கிவிட்டது; கேட்வே வழியும் விஎக்ஸ்லான் வழியும் இன்று ஒரே கடையில் கிடைக்கின்றன. விற்பவருக்கு இரண்டும் ஒன்று. இரவில் எழுந்து ஓட வேண்டியவர் வேறு.

மையத்துக்கு இன்னொரு நன்மை உண்டு. இதைச் சட்டமே கொண்டுவந்தது. செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணையின்படி நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவேடுகளை 180 நாள் இந்தியாவுக்குள் பாதுகாக்க வேண்டும். கடிகாரங்களைத் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்துவைக்க வேண்டும். நாற்பது ஸ்விட்சிலிருந்து பதிவேடு திரட்டுவதைவிட இரண்டு கேட்வேயிலிருந்து எடுப்பது சுலபம். கடிகாரம் இன்னொரு வகையிலும் உயிர்நாடி. ரோலின் முழு வரையறையையும் மைய சர்வரிலிருந்து ஸ்விட்சே இறக்கிக்கொள்ளும் வசதி அரூபாவின் ரேடியஸ் சர்வரான கிளியர்பாஸில் உண்டு. அது சான்றிதழை நம்பி நடக்கிறது. ஸ்விட்சின் கடிகாரம் பல ஆண்டு பின்தங்கி இருந்தால், அதன் கண்ணில் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. நேரத்தைச் சரிசெய்யாமல் மற்ற எல்லாவற்றையும் சரிபார்த்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆகவே யாருக்கு எது? மாடிப்படிக்கடியில் ஒரே ஒரு ஸ்விட்ச் வைத்திருக்கும் அப்பள வியாபாரிக்கு டனல் வேண்டாம். மூன்று விலான், கேமராவுக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று, வருகிறவர் போகிறவர் வைஃபைக்கு ஒன்று. நடுவே ஒரு சின்ன தீச்சுவர். பெட்டியோடு வந்த கடவுச்சொற்களை மாற்றுவது. ஒரு பகல் வேலை. அவரிடம் கேட்வே விற்பது பாவம். ஐந்தாறு ஸ்விட்ச் உள்ள பள்ளிக்கும் சிறு மருத்துவமனைக்கும் 802.1எக்ஸ் கட்டாயம் வேண்டும், ரோல் வேண்டும், விதி ஸ்விட்சிலேயே இருக்கட்டும். ஐந்து இடத்தில் எழுதுவது பாரமில்லை. இருபது ஸ்விட்சைத் தாண்டிய வளாகம், ஏற்கெனவே கன்ட்ரோலர் வைஃபை ஓடும் இடம், வலையமைப்புக்கென்று ஓரிரண்டு பேருக்கு மேல் இல்லாத இடம், இந்த மூன்றும் சேர்ந்தால் யுபிடி பொருத்தம். அப்போதும் மனிதர்கள் பயன்படுத்தும் கணினிகளை மட்டும் அனுப்புங்கள். கேமராவையும் தொலைபேசியையும் விட்டுவிடுங்கள்.

அப்படி முடிவெடுத்தால், பணம் கட்டுவதற்கு முன் ஒரு சோதனை. வளாகத்தின் கடைக்கோடி ஸ்விட்சில் உட்கார்ந்து, கேட்வே நிற்கப்போகும் முகவரிக்கு, துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1,600 பைட் அளவில் ஒரு பிங் அனுப்பிப் பாருங்கள். அது போகாவிட்டால் அன்று வேறு எதையும் தொடாதீர்கள். எந்த ஸ்விட்சில் நிற்கிறது என்று கண்டுபிடித்துவிட்டு, பிறகு விலை பேசலாம்.